அம்மாவாசி என்று தேடினால்

தேனியில் நல்ல டீ எங்கே கிடைக்கும் என்று போனில் தேடினால், முதலில் வருகிற கடையில் டீ அவ்வளவு நன்றாக இருக்காது. நன்றாக டீ போடுகிறவர் பாலைப் பார்ப்பாரா, தேடலில் மேலே வருவதைப் பார்ப்பாரா? இந்த உண்மையை என் வாடிக்கையாளர்கள் யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் பிழைப்பு நாறிவிடும். ஸ்டேஷனுக்கு வந்தவுடன் முதல் வேலையாக நீங்கள் டீ வாங்கிக் கொடுத்தீர்கள், அதனால் சொல்கிறேன் சார்.

பெயர் வினோத்ராஜ். கம்பம் ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேலே, மாடியில் ஆபீஸ். வெப்சைட் செய்து கொடுப்பதும், அதைக் கூகுளில் மேலே கொண்டுவருவதும் என் தொழில் என்று போர்டில் எழுதியிருக்கும். அதில் முதல் பாதி உண்மை. தேனியில் வெப்சைட் செய்கிறவர் யார் என்று தேடிப் பாருங்கள், என் கம்பெனி ஐந்தாவது பக்கத்தில் வரும். ஐந்தாவது பக்கம் வரைக்கும் என்னைப் பெற்றவள்கூட வரமாட்டாள். ஊரையெல்லாம் மேலே ஏற்றுகிறேன் என்கிறவன் தானே பள்ளத்தில் கிடக்கிறானே என்று ஒருத்தராவது கேட்பார்கள் என்று நானும் இத்தனை வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் தேடி வந்தவர்களும் இல்லை.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால், தளங்கள் ஏன் மேலே வருவதில்லை என்று கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள், காரணமே அதற்குள்தான் இருக்கிறது.

போடியில் காமராஜ் அண்ணன் என்று ஒரு ஏலக்காய் வியாபாரி. அவர் தளத்தைத் திறந்தால் முதல் பக்கம் முழுக்க அவருடைய அப்பா, சந்தன மாலையோடு. அந்தப் படம் முழுதாகத் திறப்பதற்குள் போடிமெட்டு ஏறி இறங்கிவிடலாம். ஏலக்காய் என்கிற வார்த்தை தளத்தில் எங்கேயும் கிடையாது. ஒரு தடவையாவது எழுதுவோம்ணே என்றேன். நாங்க ஏலக்காய் யாவாரம்னு போடிக்கே தெரியுமே, அதை வேற எழுதணுமாக்கும் என்று கேட்டுவிட்டார். தேனி பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற சாராள் அக்கா வேறு மாதிரி. எழுத ஆளில்லை என்று, கோயம்புத்தூர்க் கடை ஒன்றின் பக்கத்தை அப்படியே எடுத்து ஒட்டச் சொன்னார். நானும் சொன்னபடி ஒட்டினேன். போன் நம்பரையும் சேர்த்து ஒட்டிவிட்டேன். தளத்தின் மூலமாக வந்த ஒரே ஆர்டரும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது.

இவையெல்லாம் சில்லறைக் காரணங்கள். பெரிய காரணத்தை இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் வாய்விட்டுச் சொல்லமாட்டான். அந்தப் பக்கம் இல்லாமல் போனால் உலகத்தில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை, அதுதான் காரணம். இங்கே போய்ப் பாருங்கள் என்று நாலு பேர் தாங்களாகக் கை காட்டுகிற பக்கத்தைத்தான் கூகுள் மேலே தூக்கும். கை காட்ட மனுஷருக்கு ஒரு அக்கறை வேண்டும். காமராஜ் அண்ணனின் அப்பா படத்தை யார் அக்கறையாகக் கை காட்டுவார்? அதனால் நான் ஒரு தந்திரம் வைத்திருந்தேன். கடையின் முழுப் பெயரையும் தெருவையும் சேர்த்து அடித்துக் காட்டுவேன், முதலில் வரும். அந்தப் பெயரில் அந்தத் தெருவில் வேறு கடை கிடையாது, வராமல் எங்கே போகும். அவர்களும் வாயெல்லாம் பல்லாகப் பார்த்துவிட்டு, தம்பி கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இப்படியே நாற்பதை நெருங்கிவிட்டேன் சார். ஒரு பக்கத்தையாவது நிஜமாக மேலே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு ஏக்கம் இருந்தது. கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கும் வருகிறது.

போன வருஷம் வீரபாண்டித் திருவிழா முடிந்த வாரத்தில்தான் பாண்டீஸ்வரி மாடியேறி வந்தாள். ஜெயமங்கலத்துப் பெண், பெரியகுளம் பக்கம் மாங்கன்று விற்கிற பண்ணையில் வேலை. அவளுடைய அப்பா அம்மாவாசி ஒருநாள் விடிகாலையில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. எழுபது தாண்டியவர், மறதி வேறு. தேனி, மதுரை, பழனி எல்லாம் தேடிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய நோட்டீஸ் மேல் மறுநாளே யார் வீட்டுக் காதணி விழா போஸ்டரோ ஏறிவிட்டது. யாரோ என் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

போட்டோ கேட்டேன். அவள் கொண்டுவந்ததும் காதணி விழாப் படம்தான், பேத்திக்குக் காது குத்தியபோது அடித்த ஃபிளெக்ஸில் இருந்தது. நம் பக்கத்து ஃபிளெக்ஸ் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தலைக்குக் கறுப்பு, முகத்துக்கு வெளுப்பு, உடம்புக்கு யாருடையதோ கோட்டு. பெரியவருக்கு இடது காதுமடல் கிழிந்து தொங்கும், சின்ன வயதில் கடுக்கனோடு எதிலோ மாட்டிக் கிழிந்ததாம். ஃபிளெக்ஸ் அடித்த பையன் அதையும் ஒட்டவைத்து அழகாக்கியிருந்தான். இந்தப் படத்தைப் போட்டால் கட்டின பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாதே ஆத்தா என்று சொல்லி, நானே ஜெயமங்கலம் போனேன். அவர் மனைவி கஸ்தூரியம்மாள் டிரங்குப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்து ஒரு நிஜப் படம் எடுத்துக் கொடுத்தார். நரைத்த முடி, ஒட்டிய கன்னம், கிழிந்த காது. அதைப் போட்டு ஒரு பக்கம் செய்தேன். காதைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதினேன். பாண்டீஸ்வரி பண்ணையில் வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது, அதனால் என் நம்பரைப் போட்டேன். காசு வாங்கவில்லை. அன்றைக்கு நான் நல்லவனாகத்தான் இருந்தேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ராயப்பன்பட்டியில் என் சிநேகிதன் ஜேசுராஜ் பள்ளிக்கூட வாத்தியார், மலையாளம் நன்றாகத் தெரியும். எல்லைக்கு அந்தப்பக்கமும் போகட்டும் என்று பக்கத்தை மலையாளத்தில் எழுதிக் கொடுத்தான். காதுமடலுக்குச் சரியான வார்த்தை எது என்று அரைநாள் நாலு பேரிடம் விசாரித்தான். அப்புறம் பள்ளியில் படித்துவிட்டு எங்கெங்கோ இருப்பவர்களுக்கெல்லாம் அனுப்பினான். அவர்கள் தங்கள் பக்கங்களில் போட்டார்கள். வளைகுடாவில் இருக்கிற நர்சுகள் போட்டார்கள், பஸ் கண்டக்டர்கள் போட்டார்கள், கேரளத்துச் செய்திப் பக்கம் ஒன்றும் போட்டது. எல்லாரும் அவரவர் வார்த்தையில் இரண்டு வரி எழுதி, இங்கே போய்ப் பாருங்கள் என்று கை காட்டினார்கள். நான் ஒரு வித்தையும் செய்யவில்லை. ஆடி மாதம் வாக்கில் ஒருநாள் சும்மா தேடிப் பார்க்கிறேன், அம்மாவாசி என்று அடித்தால் முதலில் என் பக்கம். காணவில்லை என்று அடித்தால் முதலில் என் பக்கம். ஜெயமங்கலம் என்று வெறும் ஊர்ப் பெயரை அடித்தாலும் ஊருக்கு முன்னால் என் பக்கம் நின்றது.

அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்குக் கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் தேடிப் பார்ப்பேன். வாடிக்கையாளர் வந்தால் பழைய தந்திரம் எல்லாம் கிடையாது, உங்கள் போனிலேயே அடித்துப் பாருங்கள் என்பேன். அடிப்பார்கள், வரும். பாவம் அந்தப் பெரியவர் என்று உச்சுக்கொட்டுவார்கள், எங்களுக்கும் இப்படிச் செய்து கொடுங்க தம்பி என்பார்கள். முதல்முறையாக என்னைத் தம்பி என்கிறபோது கூடவே ஒரு மரியாதையும் வந்தது.

கார்த்திகையில் ஒரு மழைநாள். கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டமும் அதற்குள் தங்கும் விடுதியும் வைத்திருக்கிற முத்துக்கருப்பன் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். பெரிய வேலை. அவர் அம்மாவாசி பக்கத்தைத் தம் போனில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு அழைப்பு. இடுக்கிப் பக்கம் ஆதரவற்றவர்களை வைத்துப் பார்க்கிற ஒரு இல்லம், பேசியது அங்கே இருக்கிற கன்னியாஸ்திரீ. பாதி மலையாளம், பாதித் தமிழ். வயசான ஒரு அப்பச்சன் இவிடெ உண்டு, தமிழாணு பேசறது, உங்க பேஜ்ல உள்ள ஆள் போல இருக்கு என்றார். போட்டோ அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். மொட்டையடித்த தலை, யாரோ கொடுத்த ஸ்வெட்டர். இடது காதுமடல் கிழிந்து இரண்டாகத் தொங்கியது.

யாருங்க என்று முத்துக்கருப்பன் கேட்டார். ராங் நம்பர் என்றேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்த நிமிஷத்தில் நான் ஒன்றும் பெரிதாகத் திட்டம் போடவில்லை. முத்துக்கருப்பன் யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தார். அவர் யோசித்து முடிக்கும் வரைக்கும் பெரியவர் காணாமல் இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நீங்களே நினைத்துப் பாருங்கள். கிடைத்துவிட்டார் என்று போட்டால் ஒருநாள் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் அந்தப் பக்கத்தை யார் தேடுவார்கள்? கிடைத்துவிட்ட ஆளை யாரும் தேடுவதில்லை. மாதக்கணக்கில் மேலே நின்ற பக்கம் பொங்கலுக்குள் கீழே போய்விடும். பெரியவருக்கு அங்கே மூன்று வேளையும் சோறு கிடைக்கிறது, போர்த்திக்கொள்ளக் கம்பளி இருக்கிறது. ஜெயமங்கலத்து வீட்டில் இருப்பதைவிட வசதிதான் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் அந்த சிஸ்டரைக் கூப்பிட்டு, வீட்டில் காட்டினேன், அவர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர் ஐயோ கஷ்டம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

முத்துக்கருப்பன் கார்த்திகை முடிவதற்குள் சரி என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய சகலை ஒருவர் கம்பத்தில் ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார், அவரும் பார்க்க வருவதாக இருந்தது.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு பயம் வந்தது. வேறு யாராவது அந்த இல்லத்துக்குப் போய், காதைப் பார்த்து அடையாளம் சொல்லிவிட்டால்? அதனால் பக்கத்தில் சின்னதாக ஒரு மாற்றம் செய்தேன். காதுமடல் பற்றிய வரியைத் தமிழிலும் மலையாளத்திலும் எடுத்துவிட்டேன். நிஜப் படத்தை எடுத்துவிட்டு ஃபிளெக்ஸ் படத்தைப் போட்டேன். கறுத்த தலை, வெளுத்த முகம், முழுக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவ்வப்போது புதுப்பிக்கிற பக்கத்தைக் கூகுளுக்குப் பிடிக்கும் என்று நான் வாடிக்கையாளர்களுக்கு வருஷக்கணக்கில் சொல்லிவந்தேன், சும்மா ஒரு பேச்சுக்கு. அந்த மாற்றத்துக்கு அப்புறம் தேனி என்று தேடினால்கூட என் பக்கம் இரண்டாம் வரிசையில் வர ஆரம்பித்தது. பாண்டீஸ்வரி புதுப் படத்தைப் பார்த்தாள். "அப்பா இதுல நல்லா இருக்காகண்ணே" என்றாள். எனக்கு மனது கொஞ்சம் நிறைவாகத்தான் இருந்தது.

தை மாதத்தில் சிஸ்டர் மறுபடி கூப்பிட்டார். பெரியவர் ஜெயமங்கலம் என்று ஒரு பேர் சொல்கிறார், உங்கள் பக்கத்திலும் அதே ஊர் இருக்கிறதே என்றார். எப்படி வந்தார் என்பதையும் அவர்கள் விசாரித்துத் தெரிந்துவைத்திருந்தார்கள். வாலிபத்தில் பெரியவர் ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர். விடிகாலையில் போடியிலிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு மலையேறுகிற ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள், ஆள்மேல் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். பெரியவருக்கு அன்றைக்கு இத்தனை வருஷமும் மறந்துபோய், வேலைக்கு நேரமாகிவிட்டது என்பது மட்டும் ஞாபகத்தில் நின்றிருக்கிறது. முதல் பஸ் பிடித்துப் போடி போய், பழைய பழக்கத்தில் ஒரு ஜீப்பில் ஏறிவிட்டார். அடுத்தவள் வீட்டு ஆள் போல என்று ஒவ்வொரு பொம்பளையும் நினைத்து இடம் விட்டிருக்கிறாள். மேலே போய் இறங்கினவர் எந்தத் தோட்டம் என்று தெரியாமல் நடந்துகொண்டே இருந்திருக்கிறார்.

"வைகுந்நேரம், சாயங்காலம் ஆனா வாசல் கேட்டுப் பக்கத்துல போய் நிக்கும்" என்றார் சிஸ்டர். "ஜீப்பு எப்பம் கீழ போகும்னு கேக்கும். நாளைக்குன்னு சொன்னா உள்ள வரும்."

இதைக் கேட்டபோது, ஆமாம் அவர்தான் என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இப்போது ஆமாம் என்றால், முன்னே ஏன் இல்லை என்றாய் என்று கேட்பார்களே. நீங்கள் அவருக்கு என்ன வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார். மகன் என்று சொல்லிவிட்டேன். பெத்த அப்பனை எனக்குத் தெரியாதா சிஸ்டர், அவர் இல்லை என்றேன். அம்மாவாசிக்கு ஆம்பளப் பிள்ளை கிடையாது. பாண்டீஸ்வரி ஒருத்திதான்.

மாசிக் கடைசியில் மூன்றாவது அழைப்பு. காய்ச்சல் கண்டு பெரியவர் இறந்துவிட்டார். நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டீர்கள், இருந்தாலும் மனசு கேட்கவில்லை, அடக்கம் பண்ணட்டுமா என்று கேட்டார். நல்லபடியாகச் செய்யுங்கள் என்றேன். செலவுக்கு ஏதாவது அனுப்பட்டுமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். அன்றைக்கு மத்தியானம் பாண்டீஸ்வரி வழக்கம்போல மாடியேறி வந்தாள். வழக்கம்போல, ஏதாச்சும் போன் வந்துச்சாண்ணே என்று கேட்டாள். வரவில்லை என்றேன். அவள் போன பிறகு பக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன், தேடல் தொடர்கிறது என்று.

நான் அவரைக் கொல்லவில்லை சார். காய்ச்சல் யாருக்கும் வரும். ஜெயமங்கலத்தில் இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

ஈஸ்டர் சமயத்தில் ஜேசுராஜ் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அரிசி பருப்பு கொடுக்க அந்த இல்லத்துக்குப் போயிருக்கிறான். ஊரில் எத்தனையோ இல்லங்கள் இருக்க, அவன் போனது அந்த இல்லம். கூடத்தில் இறந்துபோனவர்களின் படங்களை மாட்டியிருந்தார்களாம். மற்றவர்களாக இருந்தால் கடந்து போயிருப்பார்கள், அவன் காதைப் பார்த்திருக்கிறான். அந்த ஒரு வார்த்தைக்காக அரைநாள் அலைந்தவன் ஆயிற்றே. விசாரித்திருக்கிறான். அந்த வெப் பக்கத்தில் இருந்த நம்பருக்குப் பேசினோம், எடுத்தவர் மகனாம், இவர் தன் அப்பா இல்லையென்று சொல்லிவிட்டார் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.

அவனும் பாண்டீஸ்வரியும் சேர்ந்து ஆபீசுக்கு வந்தார்கள். ஜேசுராஜ் உட்காரவில்லை. "ஏலே, நீதானா அந்த மகன்?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்று தலையாட்டினேன். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் நடந்தது அத்தனையும் சொன்னேன், உங்களிடம் சொன்ன மாதிரியே நிதானமாக. முத்துக்கருப்பன் சமாச்சாரத்தையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது எனக்கு உடம்பு லேசானது போல இருந்தது.

பாண்டீஸ்வரி அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவள் சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். அப்பா ஸ்வெட்டர் போட்டிருந்தாகளா, குளிர் அவுகளுக்கு ஆகாதே என்று கேட்டாள். போட்டிருந்தாக என்றேன். சாயங்காலமானால் ஜீப்புக்கு நின்றதையும் ஜேசுராஜ் முன்னமே சொல்லியிருப்பான் போல, அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போனது போயிருச்சுண்ணே. கேசு கீசுன்னு நாங்க அலைய மாட்டோம். அந்தப் பக்கத்த மட்டும் எடுத்து விட்ருங்க. அம்மா தெனமும் பக்கத்து வீட்டுப் புள்ளகிட்டச் சொல்லி அதத் தொறந்து வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காக. பொட்டழிக்கச் சொல்லணும் அவுகள."

அவளுக்கு நல்ல மனசு சார். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதோடு எல்லாம் முடிந்திருக்கும், நானும் உங்கள் முன்னால் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். லேப்டாப்பைத் திறந்தேன். எடுக்கிற வேலை ஒரு நிமிஷம்கூட ஆகாது. எடுப்பதற்கு முன்னால் கை பழக்கத்தில் ஒரு தடவை தேடிப் பார்த்தேன். தேனி என்று அடித்தால் அன்றைக்குத்தான் முதன்முறையாக எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. மாவட்டத்துக்கே மேலே. நான் திரும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்மா, இப்பத்தான் நல்லா மேல நிக்கிது என்றேன்.

அவள் படியிறங்கி நேரே உங்களிடம் வந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. எழுதிக்கொள்ளுங்கள் சார், நான் செய்த தப்பு அதுதான்.